மடியில் ஒரு கொள்ளைப் பொருள்

கொஞ்சி மகிழ வளர்க்கும் நாய்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் அழகோடு நின்றுவிடுகிறார்கள். நான் பெக்கிங்கீஸ் நாயின் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சப்பை மூக்கு, கழுத்தைச் சுற்றிப் பிடரி போல் முடி. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வளர்க்க அனுமதியுள்ள சிறிய இனங்களில் அதுவும் ஒன்று.

சீனக் காடுகளில் சிங்கம் கிடையாது. ஆனால் பௌத்த சமயம் அங்கே பரவியபோது சிங்கத்தின் உருவத்துக்குப் பெருமதிப்பு வந்தது. அந்தச் சாயலில்தான் அரண்மனையில் இந்த நாய்களை உருவாக்கினார்கள். மிகச் சிறியவற்றை அங்கியின் அகன்ற கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடப்பார்களாம். வேட்டைக்குப் போக வேண்டாம், ஆடு மேய்க்க வேண்டாம். கூடவே இருப்பதுதான் அவற்றுக்கு வேலை.

1860 அக்டோபரில் அந்தச் சுகவாழ்வு கலைந்தது. இரண்டாம் அபின் போரின் இறுதிக் கட்டம் அது. பேரரசர் சியான்ஃபெங் முன்பே தப்பிச் சென்றுவிட்டார். பெய்ஜிங்கிற்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் கோடைக்கால அரண்மனைக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் புகுந்து கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளின. பேச்சு நடத்தப் போனவர்களைச் சீனத் தரப்பு சிறைபிடித்து, அவர்களில் பலர் இறந்துபோனதற்குப் பதிலடியாக அரண்மனையையே கொளுத்தச் சொன்னார் எல்ஜின் பிரபு. ஆம், சிங்கப்பூர் ஆற்றின்மேல் இருக்கும் எல்ஜின் பாலத்துக்குப் பெயர் தந்தவர்தான். அந்தப் படையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் இருந்தார்கள் என்பதால், இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

அரண்மனையில் அகப்பட்ட நாய்களில் ஒன்றை டன் என்ற கேப்டன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், விக்டோரியா மகாராணிக்குப் பரிசளித்தார். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'லூட்டி'! கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்ற ஆங்கிலச் சொல்லே இந்தியிலிருந்து போனதுதான். திருடி வந்ததை மறைக்கவில்லை. வேடிக்கையாகப் பெயரே சூட்டிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கூச்சமின்மைதான். 1861இல் கைல் என்ற ஓவியரை வைத்து அதைப் படமாகவும் வரைய வைத்தார்கள். 1872இல் லூட்டி இறந்தது.

பிறகு பிரிட்டனில் இந்த இனத்துக்கு மவுசு கூடியது. 1898இல் கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. போட்டி மேடைகளில் முகம் தட்டையாக இருந்தால் பாராட்டு என்று ஆனதும், வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மூக்கைக் குறுக்கிக்கொண்டே போனார்கள். விளைவு, மூச்சுத் திணறல். கண்டனங்கள் எழுந்த பிறகு, 2008இல்தான் கென்னல் கிளப் விதியை மாற்றி, மூக்குப் பகுதி வெளியே தெரிய வேண்டும் என்றது. நம் ஊர் வெயிலில் இந்த நாய் குறட்டை விட்டு மூச்சிரைத்தால், 'எவ்வளவு செல்லம்' என்று சிரிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.