எந்தக் கதவையும் திறக்காத சாவி: ரயில் வில்லையின் கதை

மலைநாட்டுப் பக்கம் ரயிலில் போனவர்கள் இதைக் கட்டாயம் கண்டிருப்பீங்கள். ரயில் ஒரு சின்ன ஸ்டேசனுக்குள் மெதுவாக நுழையும்போது பிளட்போமில் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். எஞ்சினில் இருந்து ஒரு கை வெளியே நீளும். தன்னிடம் இருந்த வளையத்தைக் கொடுத்துவிட்டு, நீட்டிய வளையத்தை வாங்கிக்கொள்ளும். எல்லாம் சில வினாடிகள்தான். யன்னலோரம் இருக்கிற ஆக்கள் உடனே போனை எடுத்து வீடியோ பிடிப்பினம். "பழைய காலத்து அழகு" எண்டு எழுதி பேஸ்புக்கில் போட்டும் விடுவினம்.

அழகுதான். ஆனால் அந்த வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் இருப்பது ஒரு உலோக வில்லை. டப்லட் எண்டு சொல்லுவினம். வேலை என்று பார்த்தால் அது ஒரு சாவி. எந்தக் கதவையும் திறக்காத சாவி. இந்த ஸ்டேசனில் இருந்து அடுத்த ஸ்டேசன் வரைக்குமான தண்டவாளத்தை ஒரேயொரு ரயிலுக்கு மட்டும் திறந்துவிடுகிற சாவி. அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தத் துண்டுப் பாதைக்குள் இறங்கக் கூடாது.

இண்டைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள், சிறைச்சாலைகள், வாகனத் தரிப்பிடங்கள், ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் மின்னணுச் சாவி அலுமாரிகள் வந்துவிட்டன. உங்கள் அட்டையைக் காட்ட வேண்டும், அல்லது இரகசிய இலக்கத்தை அழுத்த வேண்டும். உங்களுக்கு உரித்தான சாவியை மட்டும் அலுமாரி விடுவிக்கும். யார், எப்போது எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்பதெல்லாம் பதிவாகும். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் எச்சரிக்கை போகும். இது ஏதோ கணினிக் காலத்து யோசனை எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் இதன் அடிப்படைக் கேள்வி மிகப் பழசு. ஒரு பொருள் ஒருவர் கையில் இருக்கும்போது அதே உரிமை இன்னொருவருக்குப் போகாமல் எப்படித் தடுப்பது? இந்தக் கேள்விக்கு மின்சாரத்தை வைத்து ஒரு உறுதியான பதில் 1878இலேயே கிடைத்துவிட்டது. அந்தப் பதிலுக்குப் பின்னால் 25 உயிர்கள் இருக்கின்றன.

முதலில் பிரச்சினையை விளங்கிக்கொள்ளுவம். இரண்டு ஸ்டேசன்கள். நடுவில் ஒரேயொரு தண்டவாளம். இரண்டு பக்கத்தில் இருந்தும் ரயில் வரவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் உள்ளே இறங்கினால் நேருக்கு நேர் மோதல்தான். இரட்டைப் பாதை போட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் மலையைக் குடைந்து, பள்ளத்துக்குப் பாலம் கட்டிப் போடுகிற பாதையை இரண்டாகப் போட எந்தக் கம்பனியும் லேசில் சம்மதிக்காது.

பிரித்தானியாவில் முதலில் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று மிக எளிமையானது. ஒரு மனிதரையே சாவி ஆக்கினார்கள். அந்தத் துண்டுப் பாதைக்கு ஒரேயொரு வழிகாட்டி ஆள். அவர் ரயிலில் ஏறி வரவேண்டும், அல்லது அவர் நேரில் நின்று அனுமதி தரவேண்டும். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க மாட்டார் அல்லவா? இன்னொரு வழி கோல். ஒரு பாதைக்கு ஒரு கோல். கோல் கையில் இருக்கிற ஓட்டுநர் மட்டும் போகலாம்.

கோலில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே திசையில் இரண்டு ரயில்கள் அடுத்தடுத்துப் போகவேண்டி வந்தால்? முதல் ரயில் கோலைக் கொண்டுபோய்விடும். இரண்டாவது ரயில் கோல் திரும்பி வரும்வரை காவல் இருக்கவேண்டும். இதற்காகச் சீட்டு முறை வந்தது. முதல் ரயிலின் ஓட்டுநருக்குக் கோலைக் கண்ணால் காட்டி, கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். கடைசி ரயில் கோலைக் கொண்டுபோகும். சீட்டுகள் இருக்கிற பெட்டியைத் திறக்கும் சாவியே அந்தக் கோல்தான். அதாவது கோல் இல்லாத ஸ்டேசனில் சீட்டும் எடுக்க ஏலாது. நல்ல மூளை. ஆனாலும் கால அட்டவணை குழம்பினால் கோல் எப்போதும் பிழையான ஸ்டேசனில்தான் இருக்கும்.

தந்தி வந்தபிறகு சில கம்பனிகள் கோலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தன. கம்பி வழியாக ஒரு செய்தி அனுப்பினால் போதும்தானே? "உங்கட ரயிலை விடுங்கோ, நாங்கள் எங்கட ரயிலை மறிச்சு வைக்கிறம்." வேகமும் கூட, செலவும் குறைவு.

1874 செப்டெம்பர் 10 இரவு, இங்கிலாந்தின் நோர்விச் நகரில் இந்த நம்பிக்கை உடைந்தது. இலண்டனில் இருந்து வந்த கடுகதி ரயில் தாமதம். வழமையாக எதிர்ப்பக்கத் தபால் ரயில் பிரண்டல் என்ற ஸ்டேசனில் அதற்காகக் காத்து நிற்கும். தாமதம் என்றபடியால் தபால் ரயிலை முதலில் எடுத்துவிடலாம் என்று இரவுப் பொறுப்பாளர் நினைத்தார். செய்தியைத் தந்தி எழுத்தரிடம் சொன்னார். பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் அப்படியான செய்தியை அனுப்பக் கூடாது என்பது விதி. கையெழுத்து இல்லை. செய்தி போய்விட்டது. இதற்கிடையில் கடுகதி வந்து சேர, பொறுப்பாளர் அதையும் போகவிட்டார். கொஞ்ச நேரத்தில் தன் பிழை விளங்கி, தந்தி அறைக்கு ஓடி, தபால் ரயிலை மறிக்கச் சொன்னார். அது ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது எண்டு மறுமொழி வந்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. இரண்டு ரயில்களும் ஒரே பாதையில் எதிரெதிராக வருகின்றன. இரண்டு ஸ்டேசன்காரருக்கும் அது தெரியும். ஓட்டுநர்களுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தவர்களால் ஒன்றுமே செய்ய ஏலாது. தோர்ப் என்ற இடத்தில் இரண்டும் மோதின. 25 பேர் இறந்தார்கள். பொறுப்பாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தந்தி எழுத்தர் விடுவிக்கப்பட்டார்.

வழக்கு அதோடு முடிந்தது. ஆனால் எட்வேர்ட் டையர் என்ற பொறியியலாளர் வேறு விதமாக யோசித்தார். ஒரு செய்திக்கு உடம்பு இல்லை. அதை இரண்டு தரம் அனுப்பலாம், அனுப்பிவிட்டு மறக்கலாம், எதிர்மாறான இன்னொரு செய்தியையும் அனுப்பலாம். கோலுக்கு உடம்பு இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை. இரண்டையும் சேர்க்க முடியாதா? 1878இல் அவர் காப்புரிமை எடுத்த மின்சார வில்லை முறை இப்படித்தான் வந்தது.

இயங்கும் முறை இதுதான். பாதையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு இயந்திரம். இரண்டையும் ஒரு மின்கம்பி இணைக்கிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் பல வில்லைகள். ஆனால் ஒரு முனையில் இருக்கிறவர் தன் விருப்பத்துக்கு ஒன்றை எடுக்க முடியாது. மணி அடித்து மற்ற முனையிடம் கேட்கவேண்டும். அங்கே இருக்கிறவர் சம்மதித்து மின்னோட்டத்தை அனுப்பினால்தான் இங்கே பூட்டு விலகி ஒரு வில்லை வெளியே வரும். வந்த அந்தக் கணமே இரண்டு இயந்திரங்களும் பூட்டிக்கொள்ளும். வெளியே போன வில்லை எந்த முனையிலாவது திரும்ப உள்ளே போகும்வரை அடுத்தது வராது. பெட்டி நிறைய வில்லை இருந்தாலும் உலகத்தில் வெளியே உலாவுவது ஒன்றே ஒன்று. ஒரே திசையில் பத்து ரயில் போனாலும் பிரச்சினை இல்லை, எதிர்த்திசையில் ஒன்று வந்தாலும் பிரச்சினை இல்லை.

வில்லையில் இரண்டு ஸ்டேசன்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கத்துப் பாதையின் வில்லையை இங்கே திணிக்க முடியாதபடி வெட்டுகளும் வேறுபடும். பின்னாட்களில் கோல் வடிவத்திலும் உண்மையான சாவி வடிவத்திலும் இந்த முறை வந்தது. சாவி வடிவத்தில் இருந்ததை வைத்தே வழியில் இருக்கிற பக்கப் பாதையின் பூட்டையும் திறக்கலாம். இந்தியாவில் உலோகப் பந்து வடிவத்தில் ஓடியது.

இலங்கையில் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் பாதை கண்டிக்குப் போனது. பதுளையை 1924இல்தான் தொட்டது. தோட்டத் தொழிலாளர் உழைப்பில் விளைந்த கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அவ்வளவு மலையை வெட்டினார்கள். றம்புக்கனைக்கு அங்கால் அந்த மலையேற்றம் ஒற்றைப் பாதைதான். வில்லை முறை இங்கே வந்து தங்கினதுக்கும் இவ்வளவு காலம் நிலைத்து நின்றதுக்கும் காரணம் அதுதான். வடக்குப் பக்கத்து ஆக்களுக்கு இது அவ்வளவு பழக்கம் இல்லாமல் இருக்கலாம். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தபோது, இர்கொன் நிறுவனம் போட்ட புதுப் பாதை நிற விளக்குச் சமிக்ஞைகளோடு வந்தது. அதே ஒற்றைப் பாதை, அதே கேள்வி, ஆனால் சாவி கண்ணுக்குத் தெரியாது.

இதோடு கதை முடிந்தது, இயந்திரம் வென்றது எண்டு எழுதினால் அது பாதி உண்மை. மற்றப் பாதி வேல்ஸ் நாட்டில், ஏபர்மியூல் என்ற சின்ன ஸ்டேசனில் இருக்கிறது. 1921 ஜனவரி 26. அங்கே டையரின் இயந்திரங்கள்தான் பாவனையில் இருந்தன. அவற்றில் ஒரு கோளாறும் இல்லை.

மொண்ட்கொமரியில் இருந்து ஒரு மெதுவான ரயில் ஏபர்மியூலுக்கு வருகிறது. நியூடவுன் பக்கம் இருந்து கடுகதி ஒன்று எதிரே வருகிறது. மெதுவான ரயில் கடுகதிக்காக நிற்கவேண்டும். கடுகதிக்கு உரிய வில்லை முறைப்படி வழங்கப்பட்டுவிட்டது. ஏபர்மியூலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 15 வயதுப் பையன் மெதுவான ரயிலின் ஓட்டுநரிடம் இருந்து வில்லையை வாங்கினான். அதைக் கொண்டுபோய் இயந்திரத்துக்குள் போடவேண்டும். வழியில் பதில் ஸ்டேசன் மாஸ்டர் வந்தார். பையன் வில்லையை அவர் கையில் கொடுத்துவிட்டு டிக்கட் சேர்க்கப் போனான். அவர் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் வந்தது அடுத்த பாதைக்கான வில்லை என்று நினைத்து அதைக் கொண்டுபோய் ஓட்டுநரிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஓட்டுநர் சற்று முன் தான் கொடுத்த அதே வில்லையை வாங்கிக்கொண்டார். அதில் மொண்ட்கொமரி, ஏபர்மியூல் என்று பெயர் பொறித்திருக்கிறது. பையன் வாசிக்கவில்லை, மாஸ்டர் வாசிக்கவில்லை, ஓட்டுநரும் வாசிக்கவில்லை. ரயில் புறப்பட்டது. 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அந்த ரயில் கம்பனியின் இயக்குநர் ஒருவரும் இருந்தார்.

விசாரணையில் பார்த்தது யார் தவறு செய்தார் என்பதை மட்டும் அல்ல. இயந்திரம் எங்கே இருந்தது என்பதையும் பார்த்தார்கள். சமிக்ஞைக்காரரின் அறையில் இல்லாமல் ஸ்டேசன் கட்டடத்தில் அது இருந்தது. யாரும் போய்த் தொடலாம். ஆளுக்கு ஆள் உதவி செய்கிறோம் எண்டு நாலு பேர் கை வைத்தார்கள், யார் என்ன செய்தார் என்று மற்றவருக்குத் தெரியாது. ஆகவே இயந்திரம் ஒருவரின் பொறுப்பில் இருக்கவேண்டும், புறப்படுவதற்கான சமிக்ஞையும் வில்லையோடு பிணைந்திருக்கவேண்டும் என்ற பாடம் பிறந்தது.

இதே தத்துவம் பிறகு ரயிலுக்கு வெளியேயும் போனது. உயர் மின்னழுத்தக் கூடங்களில் மின்சாரத்தை நிறுத்தினால்தான் ஒரு சாவி பூட்டில் இருந்து விடுபடும். அந்தச் சாவியால்தான் உள்ளே போகும் கதவு திறக்கும். 1980களில் ஸ்கொட்லாந்தின் ஆளரவம் குறைந்த பாதைகளில் வில்லையே வானொலிச் செய்தியாக மாறியது. ஓட்டுநர் முன்னால் ஒரு சின்னத் திரையில் அனுமதி தெரியும். இரண்டாவது அனுமதியைக் கொடுக்க மென்பொருள் மறுத்துவிடும். உடம்பு இல்லாத செய்தியில் தொடங்கி, செய்திக்கு உடம்பு கொடுத்து, கடைசியில் அந்த உடம்பின் குணத்தைக் கணினிக்குள் எழுதிவிட்டார்கள். இப்ப வருகிற சாவி அலுமாரிகளும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

ஒரு வேறுபாடு உண்டு. டையரின் இயந்திரத்துக்கு யார் எடுத்தார் என்று தெரியாது. அதை ஸ்டேசன் மாஸ்டர் நேரத்தோடு புத்தகத்தில் கையால் எழுதுவார். இன்றைய அலுமாரி பெயரோடும் வினாடியோடும் எழுதிவைக்கிறது. வேலைத்தலங்களில் இதை விற்கும்போது பெரும்பாலும் முன்வைக்கப்படுவது அந்தப் பட்டியல்தான். சாவி தொலைந்தால் ஆளைப் பிடிக்கலாம். பட்டியல் நல்லதுதான். சாவி யாரிடம் எண்டு தெரியாமல் வகுப்பறைக்கு வெளியே காவல் நிண்ட எந்த மாணவருக்கும் அதன் அருமை தெரியும். ஆனால் ஏபர்மியூலில் அப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பையனின் பெயரும் மாஸ்டரின் பெயரும் துல்லியமாகப் பதிவாகியிருக்கும். ரயில் அப்பவும் மோதியிருக்கும்.

அதனால் உங்கட வேலையிடத்திலோ கம்பஸிலோ இப்படி ஒரு அலுமாரி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கோ. பிழையான சாவி கைக்கு வருகிற நேரத்தில் இது தடுக்குமா, அல்லது வந்த பிறகு எழுதி மட்டும் வைக்குமா? அதைப் பாவிக்கிற ஆளுக்குக் கையில் இருப்பதை ஒருதரம் வாசித்துப் பார்க்க நேரம் இருக்கிறதா, அல்லது நாலு பேரின் வேலையை ஒருவர் ஓடி ஓடிச் செய்கிறாரா? 15 வயதுப் பையன் வில்லையை மாற்ற வேண்டிய நேரத்திலேயே டிக்கட்டும் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை இரண்டாவது கேள்வி கேட்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.