எக்சர் கடற்போர்: போர்விளையாட்டுக்கான களவமைப்பு

எக்சர் கடற்போர்க் களவமைப்பு என்பது, மும்பை மாநகரின் வடமேற்கே போரிவலியை அடுத்த எக்சர் கிராமத்தில் உள்ள வீரக்கற்களின் சிற்பங்களையும், யாதவ மன்னன் மகாதேவனின் அமைச்சரான ஹேமாத்ரியின் பிரசஸ்தி என்னும் புகழுரையையும் முதன்மை ஆதாரங்களாகக் கொண்டு, 13ஆம் நூற்றாண்டில் வட கொங்கணத்துச் சிலாகார அரசு வீழ்ந்த யுத்தத்தைப் பலகையின்மீது மறுபடியும் நிகழ்த்திப் பார்ப்பதற்குரிய ஏற்பாடாகும். நிலப்படம், இருதரப்புச் சேனைகளின் தொகை, அவை தொடக்கத்தில் நிற்கும் இடம், காலவரை, சிறப்பு விதிகள், வெற்றிக்குரிய நிபந்தனைகள் என்னும் ஆறு அங்கங்களும் ஒரு களவமைப்புக்கு இன்றியமையாதவை. இவற்றுள் ஒவ்வோர் அங்கமும் சரித்திரத்தைப் பற்றிய ஒரு கூற்றேயாதலால், எது ஆதாரம், எது அனுமானம், எது கற்பனை என்பதை வகுத்துரைப்பதே அமைப்பாளரின் தலையாய கடமையாகின்றது.

போர்விளையாட்டின் வரலாறு

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்ததாயினும், குறிப்பிட்ட ஒரு நிலத்தில் குறிப்பிட்ட ஒரு யுத்தத்தைக் காட்டும் நோக்கம் அதற்கு இருந்ததில்லை. அந்நோக்கம் உருப்பெற்றது பிரஷ்ய நாட்டில். 1812இல் மூத்த ரைஸ்விட்ஸ் தம் விளையாட்டை மன்னர்முன் வைத்தார். அவருடைய மைந்தர் 1824இல் அதை நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றோடு கூடிய பயிற்சிமுறையாகச் செம்மைப்படுத்தி வெளியிட, பிரஷ்யச் சேனை அதை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போர்வீரர்களைக்கொண்டு ஆடும் விதிகளை நூலாக்கினார். 1954இல் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட பலகை விளையாட்டு, இத்துறை பொதுமக்களிடையே பரவுவதற்கு வழிவகுத்தது. பழங்கால, இடைக்கால யுத்தங்களை ஆராய்ந்து விளையாட்டாக்கும் முயற்சி 1960களிலிருந்து இங்கிலாந்தில் தனித்துறையாகவே வளர்ந்தது.

சரித்திரப் பின்னணி

வட கொங்கணத்தைப் பல தலைமுறை ஆண்ட சிலாகாரர்கள், முதலில் இராஷ்டிரகூடரின் சிற்றரசர்களாக இருந்து பின்னர்த் தனியாட்சி எய்தியவர்கள். தாணேயும், புரி என்று சாசனங்கள் கூறும் நகரமும் அவர்களுடைய ஆட்சிநிலையங்கள். அந்தப் புரி இன்றைய காராபுரித் தீவே என்பாரும், தெற்கே ஜஞ்சிராவை அடுத்த ராஜபுரி என்பாரும் உளர். 1060இல் எழுந்த அம்பர்நாத் சிவாலயம் அவர்களுடைய பெருமைக்கு இன்றளவும் சான்றாக நிற்கின்றது. அக்குலத்தின் இறுதி மன்னனான சோமேஸ்வரனின் சாசனங்கள் உரண் பகுதியில் 1259, 1260ஆம் ஆண்டுகளுக்கு உரியனவாகக் கிடைத்துள்ளன. அவற்றிற்குப் பின்னர் அவன் குரல் கேட்பதில்லை. 1261இல் தேவகிரியில் அரியணையேறிய மகாதேவன் கொங்கணத்தின்மீது படையெடுத்தான். 1272ஆம் ஆண்டின் தாணேச் செப்பேடு, சாஷ்டிப் பிரதேசத்தை யாதவரின் அதிகாரியான அச்யுத நாயகன் ஆண்டதைக் குறிப்பதால், அந்த இடைவெளிக்குள் அரசு கைமாறிவிட்டமை ஐயமற விளங்கும்.

ஆதாரங்களும் அவற்றின் தரமும்

முதல் ஆதாரம் ஹேமாத்ரியின் பிரசஸ்தி. ராமகிருஷ்ண கோபால பண்டார்கர் தம் தக்காணச் சரித்திர நூலில் இதனை ஆராய்ந்து அறிஞருலகுக்கு அறிமுகப்படுத்தினார். நிலத்தில் வலியிழந்த சோமேஸ்வரன் கடலைச் சரணடைந்தான் என்றும், மகாதேவனின் கோபம் கடலடித் தீயினும் கொடிதாகையால் அவன் கடலில் மூழ்கினான் என்றும், நீந்த வல்லவனாயினும் யாதவ யானைகளின் மதநீர் வெள்ளத்தில் தன் படையோடு அமிழ்ந்தான் என்றும் அது வர்ணிக்கின்றது. நம் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இவ்வகை உரையின் இயல்பு புதிதன்று: புகழுரையில் உவமை மிகும், தோல்வி மறையும், எண்ணிக்கை இராது. ஆயினும் அலங்காரத்தை நீக்கிப் பார்த்தால், யானைப்படையின் பலத்தால் நிலப்போர் முடிவுற்றது, தோற்றவன் மரக்கலமேறினான், கடலில் மாண்டான் என்னும் மூன்று செய்திகள் எஞ்சுகின்றன. களவமைப்பின் எலும்புக்கூடு இம்மூன்றுமே.

இரண்டாம் ஆதாரம் எக்சரின் வீரக்கற்கள். ஆங்கில ஆட்சிக்கால விவரத்தொகுதி இவ்வூரில் ஆறு கற்களைப் பதிவுசெய்தது. அவற்றுள் பெரியவை ஆளுயரத்தை விஞ்சியவை. தமிழகத்தின் செங்கம் வட்டார நடுகற்களில் பெரும்பாலும் வீரன் ஒருவனின் உருவமே ஒற்றைப் பலகையில் நிற்க, இங்கே கல் பல அடுக்குகளாகப் பகுக்கப்பட்டுள்ளது: கீழடுக்கில் யுத்தம், மேலடுக்குகளில் வீரன் தேவலோகம் செல்லுதலும் சிவலிங்க வழிபாடும். சில கற்கள் தரைப்போரையும், சில கடற்போரையும் காட்டுகின்றன. பின்பகுதி உயர்ந்து, பாய்மரம் தாங்கி, பக்கத்திற்கு ஒன்பது துடுப்புகளோடு அணிவகுத்துச் செல்லும் மரக்கலங்களும், அவற்றின் தளத்தில் நிற்கும் படைவீரரும் ஒரு கல்லில் செதுக்கப்பட்டிருக்க, மற்றொரு கல்லில் பதினொரு மரக்கலங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. கடற்படைக் காட்சியுள்ள வீரக்கற்கள் கோவாவின் கடம்ப நாட்டிலும் கிடைத்திருப்பதால், இது மேலைக்கடற்கரைக்கு உரிய ஒரு மரபென்று கொள்ளலாம்.

இக்கற்கள் எந்த யுத்தத்தைக் குறிப்பன என்பதில் அறிஞர்கள் ஒருமித்தவர்கள் அல்லர். தாரா நகரத்துப் போஜன் கொங்கணத்தை வென்ற மகிழ்ச்சியில் 1020இல் தானம் வழங்கியமை செப்பேடுகளால் தெரிவதால், அப்படையெடுப்பையே இவை காட்டுகின்றன என்பது ஒரு கொள்கை. மகாதேவன், சோமேஸ்வரன் யுத்தமே என்பது தொல்லியலறிஞர் ஹென்றி கசின்ஸ் முதலியோர் ஆதரித்த கொள்கை. பிரசஸ்தி கூறும் கடற்போரோடு சிற்பம் இசைவதால் இரண்டாம் கொள்கையை மேற்கொள்வது பொருந்தும். எனினும் அதை மேற்கொண்டதற்குரிய காரணத்தை அமைப்பாளர் விளக்கவுரையில் வெளிப்படக் கூறுதல் வேண்டும். இருதரப்பு ஆதாரமும் உள்ள யுத்தங்களிலேயே முரண்பாடு ஒழிவதில்லை: 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன், யானைமீது வீற்றிருந்தபடியே அம்பால் மாண்டான் என்று சோழரின் செப்பேடுகள் கூற, கங்க மன்னன் பூதுகன் அந்த அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் குத்தினான் என்று ஆதக்கூர்க் கல்வெட்டு கூறுகின்றது. எக்சரிலோ வென்றவனின் புகழுரையும், பெயர் அறியப்படாத வீரர்களின் கற்களுமே நமக்கு எஞ்சியவை.

நிலப்படம்

களவமைப்பாளர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் நிலப்படமே. இன்றைய மும்பையின் படத்தை அடிப்படையாகக் கொண்டால் 13ஆம் நூற்றாண்டின் யுத்தம் நடைபெறவே இயலாது. அக்காலத்தில் தென்பகுதி தனித்தனித் தீவுகள். சாஷ்டி ஒரு பெருந்தீவு. அதை வடக்கே வசைக் கழியும் கிழக்கே தாணேக் கழியும் பெருநிலத்தினின்று பிரித்தன. சயான் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டும் இடம். சயான் குன்றின்மீதுள்ள கோட்டையை 1669க்கும் 1677க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டியதன் காரணமே, அது அவர்களுடைய தீவின் வடகோடியாகவும், எதிரே சாஷ்டி போர்த்துக்கீசியருடையதாகவும் இருந்தமைதான். சயானையும் குர்லாவையும் இணைக்கும் கரைப்பாதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. மாகிம் கரைப்பாதை திறக்கப்பட்டது 1845இல். இன்று மின்ரயிலில் சில நிமிடங்களில் கடக்கும் அவ்விடைவெளி, சோமேஸ்வரனின் காலத்தில் ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு நிலம். ஆகவே நிலப்படத்தில் சயான், கோட்டையின்றி, பாதையின்றி, கழியோரத்துக் குன்றாக மட்டுமே குறிக்கப்பட வேண்டும்.

யுத்தம் நிகழ்ந்த கடற்பகுதியை ஆதாரங்கள் பெயர் சுட்டிச் சொல்வதில்லை. வீரன் மாண்ட இடத்திலும் கல் நடுவதுண்டு. அவன் பிறந்த ஊரிலும் நடுவதுண்டு. ஆதலால் கல் நிற்கும் இடமே களம் என்று முடிவுகட்டுவது தவறு. எக்சருக்கு அண்மையில் உள்ள கோராய், மனோரிக் கழிமுகத்தையும் அதற்கு மேற்கேயுள்ள திறந்த கடலையும் படத்தில் அடக்கி, அது அனுமானம் என்று குறிப்பிடுவதே நேர்மையான வழி.

காலமும் கடலும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் துடுப்புக் கலங்கள் இக்கடலில் இயங்குதல் அரிதாகையால், களவமைப்பின் பருவம் மழைக்காலத்திற்குப் பிந்தியதாகவே இருத்தல் வேண்டும். அப்பருவத்தில் விடியற்காலையில் கரையினின்று கடல்நோக்கியும், பிற்பகலில் கடலினின்று கரைநோக்கியும் காற்று வீசுவது வழக்கம். மும்பைக் கடலில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி வற்றுகின்றது. பெருவோதக் காலத்தில் நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வு சுமார் 5 மீட்டரை எட்டும். ஏற்றத்திலிருந்து வற்றுவரையுள்ள காலம் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம்.

இம்மூன்று இயற்கை நியதிகளும் சேர்ந்து களவமைப்புக்கு உயிரூட்டுகின்றன. ஒரு சுற்று அரைமணி நேரத்தைக் குறிக்குமாறு அமைத்தால் பன்னிரண்டு சுற்றுகளில் ஒரு வற்று ஏறத்தாழ முழுமையாக அடங்கிவிடும். விடியலில் வற்றுநீரும் கரைக்காற்றும் சோமேஸ்வரனைக் கடலுக்குள் விரைந்து செலுத்தும். ஆனால் அவன் படையினர் கலமேறுவதற்குத் தாமதித்தால், கழியில் நீர் குறைந்து பின்தங்கிய கலங்கள் சேற்றில் தரைதட்டும். இறுதிச் சுற்றுகளில் கடற்காற்று எழுந்து அவனுடைய பாய்களை எதிர்க்கும். கரையில் எத்தனை நேரம் நின்று போரிடுவது, எப்போது கலமேறுவது என்னும் மன்னனின் தவிப்பே ஆடுவோரின் தவிப்பாக மாறுகின்றது.

படைத்தொகை

சிற்பி செதுக்கிய கலங்களின் எண்ணிக்கையைக் கல்லின் அகலமும் நிர்ணயித்திருக்கும் ஆகையால், பதினொன்று என்பதைக் கடற்படையின் முழுத்தொகையாகக் கொள்ளலாகாது. இருபுறமும் கலங்கள் கூட்டமாக நின்று நெருங்கிப் பொருதன என்பதற்கு மட்டுமே அது சான்று. பக்கத்திற்கு ஒன்பது துடுப்புகள் என்பதிலிருந்து, துடுப்புக்கு ஒருவர் என்ற கணக்கில், ஒரு கலத்திற்குக் குறைந்தது 18 துடுப்பாளர் என்று அனுமானிக்கலாம். பலகையில் ஒரு காய் ஒரு கலத்தைக் குறித்தல் நலம். அதன் துடுப்பாளரையும் படைவீரரையும் தனித்தனி அளவாகக் குறித்தால், வீரர் மாண்டும் கலம் ஓடுவதையும், துடுப்பாளர் மாண்டு கலம் நிலைப்பதையும் வேறுபடுத்திக் காட்டலாம். பீரங்கி இக்கடலுக்கு வந்தது பின்னாளில். ஆகையால் அம்பெய்தலும், கலத்தோடு கலம் அணைந்து கைகலத்தலுமே போர்முறைகள்.

மலைகளுக்கு அப்பால் தேவகிரியில் ஆண்ட மகாதேவனுக்குக் கடற்படை எங்கிருந்து வந்தது என்பது தீர்க்கப்பட வேண்டிய வினா. வென்ற துறைமுகங்களின் கலங்களைக் கைப்பற்றினான் என்று கொண்டால், அவற்றின் மாலுமிகளுக்கு உற்சாகம் குன்றியதாக ஒரு விதி வேண்டும். நட்புக்கொண்ட கடற்கரைத் தலைவர்கள் உதவினர் என்று கொண்டால் அவ்விதி வேண்டாம். இரண்டையும் மாற்று விதிகளாக வைத்து, ஆடுவோரே தேர்ந்துகொள்ளுமாறு விடுவது உத்தமம்.

வெற்றி நிபந்தனைகள்

சோமேஸ்வரன் தோற்றான் என்பது சரித்திரம். தோற்றே தீரவேண்டும் என்று விதி செய்தால் அது விளையாட்டாகாது, சரித்திர ஞானத்தையும் வளர்க்காது. மன்னனின் கலம் படத்தின் மேற்கெல்லையைக் கடந்து தப்பினால் சிலாகாரருக்கு வெற்றி. அக்கலம் மூழ்கினாலோ பிடிபட்டாலோ யாதவருக்கு வெற்றி. மன்னன் தப்பியும் சேனையில் பெரும்பகுதி கரையிலேயே அழிந்தால் முடிவைச் சமமெனக் கொள்ளலாம். பலமுறை ஆடிப் பார்க்கையில், பெரும்பாலான ஆட்டங்களில் யாதவரும் சிலவற்றில் சிலாகாரரும் வெல்வார்களாயின் களவமைப்பு நடுநிலை எய்தியதாகும்; ஒருதரப்பே எப்போதும் வெல்லுமாயின் விதிகளைத் திருத்துதல் வேண்டும்.

மதிப்பீடு

ஆட்டம் எதையும் நிரூபிக்காது. எனினும் அது வினாக்களைக் கூர்மையாக்கும். யானைப்படையால் நிலத்தில் வென்ற அரசன் அதே யுத்தத்தைக் கடலிலும் முடித்தான் என்னும் ஹேமாத்ரியின் கூற்றை ஏட்டில் படிக்கையில் ஐயம் எழுவதில்லை; பலகையில் காய்களை நகர்த்துகையிலேயே, யாதவக் கலங்கள் முன்னரே கழிமுகத்தை அடைத்து நின்றாலன்றி அம்முடிவு கிட்டுவது அரிது என்பது புலப்படுகின்றது. அவ்வாறாயின் மகாதேவனின் படையெடுப்பு தரையையும் கடலையும் ஒருங்கே திட்டமிட்டு நடத்தப்பட்டதாதல் கூடும் என்னும் கருத்து பிறக்கின்றது; அதனைச் சாசனங்களின் துணைகொண்டு சோதிப்பது ஆராய்ச்சியாளரின் பணி. இவ்வகை முயற்சிக்கு ஆதாரமாய் நிற்கும் கற்கள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து வருவதால், அவற்றின் ஒவ்வோர் அடுக்கையும் முறையாக அளந்து பதிவுசெய்தல், களவமைப்பு முயற்சிகள் அனைத்திற்கும் முற்பட்ட அவசரக் கடமையாகும்.