வாயிற் காவலும் படைக்கலச் சட்டமும்

பாடசாலை வாயிலில் ஆயுதந் தாங்கிய காவலர் ஒருவர் நிற்பது, உள்ளே பயிலும் பிள்ளைகளுக்கு அரணாகுமா? அன்றி, அந்த ஆயுதம் தீயோர் கையை அடையாமற் தடுப்பதே உண்மையான அரணா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெற்றோரையும் ஆசிரியரையும் சட்டமியற்றுவோரையும் இரு பிரிவினராக்கி வைத்திருக்கிறது. இவ்விரு மறுமொழிகளும் எவ்வாறு தோன்றின, ஒவ்வொன்றும் எதைச் சாதித்தது என்பதைச் சரித்திரமே நமக்குக் கூற வல்லது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையின் வேர், 1791ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாந் திருத்தத்தில் இருக்கிறது. அத்திருத்தம் குடிப்படையைப் பற்றியும், ஆயுதம் வைத்திருக்க மக்களுக்குள்ள உரிமையைப் பற்றியும் ஒரே வாக்கியத்திற் பேசுகிறது. ஆகவே அவ்வுரிமை குடிப்படையைச் சார்ந்ததா, தனிமனிதனைச் சார்ந்ததா என்ற வழக்கு நெடுங்காலம் நிலவிற்று. 2008இல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அது தனிமனிதனின் உரிமையே எனத் தீர்ப்பளித்தது. எனினும் பாடசாலை போன்ற இடங்களில் ஆயுதத்தைத் தடைசெய்யும் சட்டங்களுக்கு இதனால் ஊறு நேராது என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று.

பொலிசார் பாடசாலைக்குள் வந்த வரலாறு வேறு. 1950களில் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் அவர்கள் பாடசாலைகளில் அமர்த்தப்பட்டபோது, கொலைகாரனை எதிர்ப்பது அவர்களது நோக்கமாக இருக்கவில்லை. இளைஞரோடு பழகி, நல்லுறவை வளர்த்து, குற்றவழியிற் செல்லாமற் காப்பதே அன்றைய எண்ணம். நண்பராக வந்தவர் காலப்போக்கிற் காவற்படை வீரராக மாற்றப்பட்டார்.

அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது 1999 ஏப்ரல் 20ஆம் நாள். அன்று கொலராடோ மாநிலத்திலுள்ள கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் மாணாக்கர் இருவர் நிகழ்த்திய தாக்குதலில் 12 மாணாக்கரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். அப்பாடசாலைக்கு ஆயுதந் தாங்கிய அதிகாரி ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அவர் தாக்கியோரை நோக்கிச் சுடவும் செய்தார். ஆயினும் அழிவைத் தடுக்க அவரால் இயலவில்லை. கொலையாளிகளின் துப்பாக்கிகளுள் மூன்று, ஆயுதச் சந்தையொன்றில், வாங்குபவரின் பின்னணி ஆராயப்படாமலே வாங்கப்பட்டவை. இதன்பின் மத்திய அரசு ஆயிரக்கணக்கான பாடசாலைப் பொலிசாரை நியமிக்கப் பொருளுதவி வழங்கிற்று. ஆயுதச் சந்தை விற்பனைகளை ஆராயுமாறு பணிக்கும் மசோதாவோ காங்கிரசிற் தோல்வியுற்றது. கொலராடோ மக்கள் 2000ஆம் ஆண்டில் தங்கள் வாக்கினாலேயே அவ்விதியைத் தம் மாநிலத்திற் கொண்டுவந்தனர்.

2012 டிசம்பர் 14ஆம் நாள், கனெற்றிக்கற் மாநிலத்துச் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளும் 6 பணியாளரும் கொல்லப்பட்டனர். கொலையாளி ஏந்திய துப்பாக்கி அவனுடைய தாய் சட்டப்படி வாங்கியது. ஒரு வாரம் கழித்துத் தேசிய ரைபிள் சங்கம், ஒவ்வொரு பாடசாலையிலும் ஆயுதந் தாங்கிய காவலர் வேண்டும் என்று அறிவித்தது. சனாதிபதி ஒபாமாவின் திட்டமோ, பாடசாலை அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் நிதி கேட்டதோடு, துப்பாக்கி வாங்குவோர் அனைவரையும் ஆராயவேண்டும் என்றும் கோரிற்று. பின்னணி ஆராய்ச்சியை விரிவுபடுத்தும் திருத்தம் 2013 ஏப்ரலில் செனற் சபைக்கு வந்தபோது 54 பேர் ஆதரித்தனர். 46 பேர் எதிர்த்தனர். வேண்டியிருந்தவையோ 60 வாக்குகள். பெரும்பான்மை இருந்தும் அம்முயற்சி வீழ்ந்தது.

2018 பெப்ரவரி 14ஆம் நாள் புளோரிடாவின் பார்க்லாந்து நகரில் 17 பேர் மாண்டபோது, பாடசாலையின் ஆயுதந் தாங்கிய அதிகாரி கட்டடத்தின் வெளியே நின்றார். அவர்மீது தொடுக்கப்பட்ட குற்ற வழக்கில் 2023இல் அவர் விடுதலை பெற்றார். 2022 மே 24ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து உவால்டியில் 19 குழந்தைகளும் ஆசிரியைகள் இருவரும் கொல்லப்பட்டனர். அன்று அங்கே திரண்ட ஆயுதந் தாங்கிய அதிகாரிகள் 376 பேர். அத்துணைப் பேர் இருந்தும், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வகுப்பறைக் கதவு கடக்கப்படவில்லை. பதினெட்டு வயதான அக்கொலையாளி தன் துப்பாக்கிகளைச் சட்டப்படியே வாங்கியிருந்தான்.

காவலரால் ஒருபோதும் பயனில்லை என்று கூறுவதும் நியாயமாகாது. 2018 மே மாதம் இல்லினோய் மாநிலத்து டிக்சன் நகரில், துப்பாக்கியோடு பாடசாலைக்குள் வந்த இளைஞனைப் பாடசாலை அதிகாரி எதிர்கொண்டு சுட்டு வீழ்த்திப் பிடித்தார். மாணாக்கர் எவருக்கும் தீங்கு நேரவில்லை. டென்வர் நகரின் கல்விச்சபை, கறுப்பின மாணாக்கர் மீது பொலிசாரின் கை அளவுக்கு மிஞ்சி விழுகிறது என்ற முறைப்பாடுகளை மதித்து, 2020இல் அவர்களை விலக்கத் தீர்மானித்தது. 2023இல் பாடசாலையொன்றில் நிர்வாகிகள் இருவர் சுடப்பட்டபின் அவர்களை மீண்டும் அழைத்தது. அச்சமும் நீதியும் ஒரே சபையில் மாறி மாறி வாதாடின.

இவ்வரலாற்றிற் புலப்படும் உண்மை ஒன்றுண்டு. காவலரின் பணி இறுதி நிமிடத்துக்குரியது. ஆயுதச் சட்டத்தின் பணி அதற்கு முந்திய நாட்களுக்கும் மாதங்களுக்கும் உரியது. அமெரிக்க இரகசியச் சேவை 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாடசாலைகளிற் துப்பாக்கியால் தாக்கியோரில் மிகப் பலர் அதனைப் பெற்றோரின் அல்லது நெருங்கிய உறவினரின் வீட்டிலிருந்தே எடுத்திருந்தனர். வீட்டு அலுமாரியின் பூட்டு காக்கத் தவறியதைப் பாடசாலையின் வாயிற்கதவு காக்கவேண்டியதாயிற்று. 2021இல் மிச்சிகனின் ஒக்ஸ்போர்ட் நகரில் மாணாக்கர் நால்வரைக் கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும் 2024இல் சிறைத்தண்டனை பெற்றமை, சட்டத்தின் பார்வை வாயிலிலிருந்து வீட்டை நோக்கித் திரும்பத் தொடங்கியதைக் காட்டுகிறது.

பார்க்லாந்துத் துயரத்தின்பின் புளோரிடா 2018 மார்ச்சில் இயற்றிய சட்டம் இரு மறுமொழிகளையும் ஒன்றாக ஏற்றது. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஆயுதந் தாங்கிய காவலரை அது கட்டாயமாக்கிற்று. துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்திற்று. ஆபத்தானவர் எனக் காணப்படுபவரின் ஆயுதத்தை நீதிமன்ற ஆணையாற் பெறவும் வழிசெய்தது. உவால்டியின்பின் டெக்சாஸ் 2023இல் காவலரை மட்டுமே கட்டாயமாக்கிற்று, வயதெல்லையை உயர்த்தவில்லை.

வாயிலில் நிற்பவர் தம் உயிரைப் பணயம் வைப்பவர். அவரது பணியை இகழ்தல் ஆகாது. ஆனால் ஒரு சமூகம் முழுவதும் தட்டிக்கழித்த கடமையைத் தனியொருவர் தோளிற் சுமத்திவிட்டு, அவர் தவறும்போது அவரையே குறைகூறுதல் அறமாகாது. காலையிற் புத்தகப் பையுடன் புறப்படும் பிள்ளை மாலையில் வீடு திரும்பவேண்டும். அதற்குரிய காவல், பாடசாலை வாயிலுக்கு நெடுந்தூரத்துக்கு முன்னரே தொடங்குகிறது.