களஞ்சியத்திலிருந்து அலமாரிக்கு: உறையுலர் உணவும் விடுபட்ட தண்ணீர்க் கணக்கும்

ஆபத்துக் காலத்துக்கென்று வீட்டில் சேர்த்துவைக்கும் உறையுலர் உணவுக்கு இரண்டு பிறப்புக் கதைகள் வழங்குகின்றன. ஒன்று ஆண்டிஸ் மலையில் தொடங்குகிறது. மற்றொன்று அமெரிக்க விண்வெளித் திட்டத்தில். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நடுவில் இருக்கும் மருத்துவமும் போரும் இரண்டு கதைகளிலுமே காணாமல்போகின்றன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த உணவின் வரலாறு வேறாகத் தெரிகிறது. பஞ்சத்துக்கும் போருக்கும் இருப்பு வைக்கும் பொறுப்பு அரசின் களஞ்சியத்திலிருந்து குடும்பத்தின் அலமாரிக்கு இறங்கிவந்திருக்கிறது. இறங்கிவந்த வழியில் தண்ணீர் கணக்கிலிருந்து விடுபட்டுவிட்டது. இக்கட்டுரை நிறுவ முனைவது இதைத்தான்.

பெரு, பொலிவியா நாடுகளின் உயர்மேட்டு நிலத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், ஜூன், ஜூலை மாதங்களில் இரவு உறைபனியும் பகல் கடும் வெயிலும் அடிக்கும். அய்மாரா, கெச்சுவா உழவர்கள் கசப்பு வகை உருளைக்கிழங்கைப் புல்தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிச் சில இரவுகள் உறையவிடுகிறார்கள். பகலில் இளகிக் கொழகொழவென்று ஆன கிழங்கைக் குவித்து, வெறுங்காலால் மிதித்துச் சாற்றைப் பிழிகிறார்கள். தோலும் அப்போதே கழன்றுவிடும். பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். கூழாங்கல்லைப் போலக் கறுத்து இறுகிவிடும் இந்தக் கிழங்குக்குச் சூன்யோ என்று பெயர். ஓடும் குளிர்நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கசப்பை எடுத்துக் காயவைக்கும் வெள்ளை வகை துந்தா. பக்குவமாகக் காய்ந்தது ஆண்டுக்கணக்கில் கெடாது.

உறையுலர்த்தலை இன்கா மக்களே கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இயற்பியல் இதை அப்படியே ஏற்காது. வெற்றிடத்தில் பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாவதை, அதாவது பதங்கமாதலை, அடிப்படையாகக் கொண்டது இன்றைய முறை. அதற்குக் கலத்துக்குள் இருக்கும் அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே இறங்க வேண்டும். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 60,000 பாஸ்கல். நூறு மடங்கு அதிகம். வறண்ட மலைக்காற்றில் பனிக்கட்டி ஓரளவு நேரே ஆவியாவது உண்மைதான். ஆனால் சூன்யோவின் நீரில் பெரும்பகுதியை வெளியேற்றுவது உழவரின் கால்தான். இதனால் அந்த அறிவின் பெருமை சிறிதும் குறையாது. உறைதல் கிழங்கின் செல்சுவரை உடைக்கும், உடைந்தால் நீரை எளிதில் பிழியலாம் என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் கண்டறிந்த மக்கள் அவர்கள்.

அந்தக் கிழங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. இன்கா அரசு காற்றோட்டமான மலைச்சரிவுகளில் கொல்கா எனப்படும் கல் களஞ்சியங்களை வரிசை வரிசையாகக் கட்டியது. தொல்லியலாளர் கிரெய்க் மோரிஸ் ஆய்ந்த ஊவானுகோ பம்பாவில் மட்டும் ஏறத்தாழ 500 இருந்தன. கோச்சபம்பா அருகே கோட்டபாச்சியில் சுமார் 2,400. படைக்கும் அரசுப் பணியாளருக்கும் விளைச்சல் பொய்த்த ஊர்களுக்கும் இங்கிருந்துதான் உணவு போனது. ஸ்பானியர் ஆட்சியில் இந்த ஏற்பாடு சிதைந்தது. பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குச் சூன்யோவைக் கொண்டுபோய் விற்றே பலர் செல்வந்தராகி ஸ்பெயின் திரும்பினார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பானிய வரலாற்றுக் குறிப்பாளர் சியேசா தெ லியோன் பதிவுசெய்திருக்கிறார். பொது இருப்பாக இருந்த உலர் உணவு விலைப்பொருளான கதை அப்போதே தொடங்கிவிட்டது என்பேன்.

இன்றைய முறை சமையலறையிலோ வயலிலோ பிறக்கவில்லை. 1890-இல் ஜெர்மானியர் ரிச்சர்ட் ஆல்ட்மான் நுண்ணோக்கி ஆய்வுக்காகத் திசுக்களை உறையவைத்து உலர்த்தினார். 1906-இல் பாரிஸில் போர்தாவும் தார்சோன்வாலும், 1909-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஷாக்கெலும் வெற்றிடத்தின் உதவியோடு அதை மேம்படுத்தினார்கள். இவர்களில் யாருடைய ஆய்வும் உணவைப் பற்றியதன்று. 1930-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃப்ளாஸ்டார்ஃப், மட் (Mudd) ஆகிய இருவரும் இரத்தச் சீரத்தை இம்முறையில் உலர்த்தினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அது ஆய்வகத்தைவிட்டு ஆலைக்குப் போனது.

அந்தப் போரில் அமெரிக்கப் படை எடுத்துச்சென்ற பிளாஸ்மா பொதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்றுக்குள் உலர்ந்த பிளாஸ்மா போத்தல். மற்றொன்றுக்குள் வாலைவடிநீர்ப் போத்தல். குழாயும் ஊசியும் கூடவே இருந்தன. இரண்டையும் கலந்தால் சில நிமிடங்களில் பிளாஸ்மா தயார். வடிவமைத்தவர்கள் போர்க்களத்தில் தூய நீர் கிடைக்கும் என்று நம்பியிருக்கவில்லை. எடுத்த நீருக்கு ஈடான நீரைக் கூடவே அனுப்பினார்கள். உலர்பொருளின் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான கணக்கை இதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் உணவின் பக்கம் திரும்பின. 1950-களில் பிரிட்டிஷ் அரசின் அபர்டீன் சோதனை ஆலை, உணவை வெந்தட்டுகளுக்கிடையே வைத்து விரைவாக உலர்த்தும் முறையை வளர்த்தது. செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சமைத்த உணவை ஏறத்தாழ மைனஸ் 40 பாகை வரை உறையவைத்து, வெற்றிடக் கலத்தில் மெல்லச் சூடேற்றினால், ஒரு நாளுக்குள்ளாகவோ சற்று மேலோ நீரெல்லாம் ஆவியாகிவிடும். வடிவம் குலையாது; பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். வெந்நீர் ஊற்றியதும் சோறும் கறியும் சட்டென்று மீள்வது அந்தத் துளைகளால்தான். அதே துளைகள் வழியே ஆக்சிஜன் புகுந்து கொழுப்பைக் காறலாக்கும். ஆகவே இன்று டப்பாவில் அச்சிடும் 30 ஆண்டு ஆயுள் என்னும் வாக்குறுதியில் உலர்த்தலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, காற்றுப்புகாத டப்பாவுக்கும் ஆக்சிஜன் உறிஞ்சும் சிறு பொட்டலத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அந்தப் பொட்டலம் ஜப்பானில் 1977-இல்தான் விற்பனைக்கு வந்தது.

வியட்நாம் போரில் காட்டுக்குள் நெடுந்தூரம் ரோந்து போன அமெரிக்க வீரர்களுக்குத் தகர டப்பா உணவு பெரும் சுமையாக இருந்தது. அவர்களுக்காக 1960-களில் உறையுலர் உணவுப் பை வந்தது. சுமை குறைந்தது, ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் குடிநீர் தேட வேண்டியிருந்தது. இந்த உணவைச் செய்துகொடுத்தவற்றுள் ஒன்று ஆரிகன் மாநிலம் ஆல்பனியில் 1963-இல் தொடங்கிய நிறுவனம். மலையேறுவோர் கேட்டு வாங்கத் தொடங்கியதும் அதுவே மவுண்டன் ஹவுஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமெரிக்கப் படையோ 1980-களில், நீர்ப்பதம் மாறாமல் பையில் வேகவைத்து அடைத்த உணவுக்கு மாறியது. தொடக்கத்தில் அதிலும் சேர்ந்திருந்த உறையுலர் பண்டங்கள் பின்னர் நீக்கப்பட்டன. படை கைவிட்டதைக் குடும்பங்கள் கையில் எடுத்தன என்பது இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். அதன்மேல் போதிய ஆய்வுக் கவனம் விழவில்லை என்பது என் எண்ணம்.

குடும்பங்கள் அதை ஏன் எடுத்தன? 1961 ஜூலையில் அதிபர் கென்னடி அணுப்போர்ப் பாதுகாப்பிடங்கள் பற்றி நாட்டுக்கு உரையாற்றிய பிறகு, அரசு பொதுப் பாதுகாப்பிடங்களில் கோதுமை பிஸ்கட்டையும் நீர்ப்பீப்பாய்களையும் அடுக்கியது. கவனிக்க: பீப்பாய்களையும். 1970-களில் அந்த பிஸ்கட் காறிப்போனது. திட்டத்தின் மேலிருந்த அக்கறையும் கரைந்தது. இன்னொரு பக்கம் யூட்டாவில் மார்மன் திருச்சபை, பெருமந்தக் காலத்தில், 1936-இல், தொடங்கிய நலத்திட்டத்தின் தொடர்ச்சியாக வீட்டுக்கு வீடு இருப்பு வைக்கும் வழக்கத்தை ஊன்றியிருந்தது. அந்த வழக்கம் கோதுமை, பருப்பு, அரிசியைச் சார்ந்தது. அதைச் சுற்றி வளர்ந்த வணிகமோ உறையுலர் உணவை ஓராண்டுத் தொகுப்பாகக் கட்டி விற்றது. 1999-இல், ஆண்டு 2000 ஆனதும் கணினிகள் குழம்பும் என்ற (Y2K) அச்சத்திலும், 2020-இல் கொரோனாவிலும் அலமாரிகள் காலியாயின. வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு பின்வாங்கிய இடத்தில் பிள்ளைகளுக்காகத் தாமே நின்றவர்கள் அவர்கள். ஆனால் டப்பாவில் அச்சிட்ட 30 ஆண்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பதும் அதே அளவு எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் பேரிடர் இருப்பாக வீடுகளுக்கு வரவில்லை. மைசூரில் 1961-இல் அமைந்த பாதுகாப்பு உணவு ஆய்வகம் அதைப் படையினருக்கான உணவு ஆய்வில் எடுத்துக்கொண்டது. தேனியில் அதே முறையில் காப்பித்தூள் தயாராகிறது.

தண்ணீர்க் கணக்கைத் திரும்ப எழுதிய நாடாக ஜப்பானைச் சொல்லலாம். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் சுமார் 13 லட்சம் வீடுகளுக்குக் குழாய்நீர் நின்றது. ஜப்பானில் பேரிடர் இருப்பின் முதுகெலும்பு ஆல்ஃபா அரிசி: வேகவைத்து வெப்பக்காற்றில் உலர்த்திய சோறு. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்காக உருவானது. உறையுலர் மிசோ சூப் அதற்குத் துணை. ஆல்ஃபா அரிசியில் வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரம், பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரம். பையிலேயே நீரின் அளவுக் கோடு உண்டு. நகராட்சிகள் தம் பங்குக்கு இருப்பு வைக்கின்றன. குடும்பங்களுக்குக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் என்று அரசு வரையறுத்திருக்கிறது. வாங்கிப் பூட்டிவைக்காமல், அன்றாடம் உண்டு தீர்ந்ததை உடனுக்குடன் நிரப்பும் சுழற்சி இருப்பையே 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு மேலும் வலியுறுத்துகிறார்கள். அரசின் இருப்புப் பட்டியலில் உணவோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் நீரும், கையடக்க எரிவாயு அடுப்பும், அதற்கான வாயுக் குப்பிகளும் இடம்பெறுகின்றன.