கரிசல் வட்டாரத்தில் டிராக்டர்: சொந்தமும் வாடகையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டங்களும், அவற்றை ஒட்டிய விருதுநகர், தென்காசி மாவட்டப் பகுதிகளும் சேர்ந்தது கரிசல் பூமி. இங்குள்ள மானாவாரிச் சம்சாரிகளுக்கு டிராக்டர் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. சிலர் கடன் போட்டு சொந்தமாக வாங்குகிறார்கள். மற்றவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு அழைக்கிறார்கள். பெருநகரங்களில் விலையுயர்ந்த காரை வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்று போடப்படும் கணக்கின் கரிசல் வடிவம் இது. ஆனால் கார் நான்கு நாள் தாமதமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை. டிராக்டர் நான்கு நாள் தாமதமானால் அந்த ஆண்டு விதைப்பே தவறிப்போகலாம்.

மண்ணும் பட்டமும்

கரிசல் மண்ணில் களியின் பங்கு அதிகம். ஈரம் பட்டால் உப்பி வழுவழுப்பாகி டயரில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். டிராக்டர் இறங்கி வேலை செய்யத் தோதான பதம் இவ்விரண்டுக்கும் இடையில் சில நாள்களே நிற்கும். இங்கு வெள்ளாமை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, கம்பு, சோளம், மல்லி, சூரியகாந்தி எல்லாம் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் மண்ணுக்குள் போயாக வேண்டும். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் விதைத்துவிட்டு, போதுமான மழை இறங்கியபின் முளைக்கவிடும் முன்பருவ விதைப்பும் வழக்கத்தில் உள்ளது. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரி முறைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து பரிந்துரைத்து வருகிறது.

சொந்தமா, வாடகையா என்ற கேள்வி சிக்கலாவதே இந்தப் பட்டத்தால்தான். கோடை உழவுக்குச் சித்திரையிலிருந்து ஆடி வரை அவகாசம் இருப்பதால் வண்டி இன்று வராவிட்டால் அடுத்த வாரம் வரலாம். விதைப்புக்கு அப்படியில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் அத்தனை பேருக்கும் ஒரே பத்து நாளில் ஒரே வண்டி தேவைப்படும். உடைமைக்காரர் தம் காட்டை முடித்த பிறகே வாடகைக்கு வருவார். அதிலும் பெரிய புஞ்சைக்காரரிடம் முதலில் போவார். இரண்டு ஏக்கர்காரர் கடைசியில் நிற்பார். வாடகைக் கணக்கை எழுதும்போது பலரும் விட்டுவிடும் செலவு இந்தக் காத்திருப்பு.

வாடகை

தனியார் வாடகை மணிக்கணக்கு. ஓட்டுநரும் டீசலும் உடைமைக்காரர் பொறுப்பு. ஐந்து கொத்துக் கலப்பை, ஒன்பது கொத்துக் கலப்பை, ரோட்டாவேட்டர், விதைப்புக் கருவி எனப் பின்னால் மாட்டும் கருவிக்கு ஏற்ப தொகை மாறும். அண்மை ஆண்டுகளில் மணிக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ போகிறது. பழக்கமான ஆள் என்றால் அறுவடை முடிந்து பணம் கொடுப்பதும் உண்டு. அந்த வகையில் வண்டி உடைமைக்காரர் வட்டியில்லாமல் கடன் கொடுப்பவரும் ஆகிறார்.

அரசு வாடகை தனி. வேளாண்மைப் பொறியியல் துறை தன் டிராக்டர்களை மணிக்கு 340 ரூபாய்க்கு விட்டுவந்தது. பின்னர் அது 500 ரூபாயானது. 2018 ஏப்ரலில் அறிமுகமான உழவன் செயலி வழியாகவும் பதிவு செய்யலாம். தனியார் வாடகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி. ஆனால் துறையிடம் உள்ள வண்டிகள் குறைவு. புரட்டாசியில் வரிசை நீளும். அரசு வாடகையை நம்ப ஏற்ற காலம் கோடைதான்.

கொரோனா ஊரடங்கின்போது சென்னையைச் சேர்ந்த டாஃபே நிறுவனம் தமிழகச் சிறு விவசாயிகளுக்கு இலவச வாடகைத் திட்டம் ஒன்றை நடத்தியது. 2020-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், 2021-ல் மே முதல் 60 நாள்களும் மாசே ஃபெர்குசன், ஐஷர் டிராக்டர்கள் வாடகையின்றி உழுதுகொடுத்தன. 2021-ல் இரண்டு ஏக்கருக்கு மிகாத நிலம் உள்ளவர்களுக்கே இச்சலுகை. டெல்டாவில் அது குறுவை உழவுக் காலம். கரிசலில் கோடை உழவுக்குப் பயன்படும் காலம், விதைப்பு நெருக்கடிக்கு அல்ல.

வாடகைக்கு ஒரு வரிச் சலுகையும் உண்டு. விவசாய இயந்திரங்களை விவசாய வேலைக்கு வாடகைக்கு விடும் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. டிராக்டர் வாங்குபவர் 12 விழுக்காடு கட்டிவந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடு. சொகுசுக் கார்களுக்கு அதே நாளில் 40 விழுக்காடு வந்தது.

நெடுநாள் குத்தகை ஏன் வரவில்லை

நிறுவனங்கள் தம் அதிகாரிகளுக்கு மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகையில் கார் எடுத்துத் தருவது நகரங்களில் சாதாரணம். மாதக் குத்தகைத் தொகையைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம். கெடு முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கரிசலில் இந்த ஆதாயத்துக்கு இடமில்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் செலவுக் கழிவால் மிச்சமாகும் வரியும் இல்லை. மாதந்தோறும் வருமானமும் இல்லை. தையிலும் மாசியிலும் விளைச்சல் விற்றால்தான் கையில் காசு. அதனால் இங்கு நிலைத்தவை இரண்டுதான்: மணி வாடகை, கடன் கொள்முதல்.

கடனும் தவணையும்

45 முதல் 50 குதிரைத்திறன் வண்டியின் விலை ஏறத்தாழ ஏழு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் ரூபாய். வங்கிக் கடன் என்றால் நிலப் பத்திரம் கேட்பார்கள்; ஆனால் அறுவடைக்கு ஏற்ப அரையாண்டு அல்லது ஆண்டுத் தவணை கிடைக்கும். தனியார் நிதி நிறுவனங்களில் பணம் விரைவில் கைக்கு வரும், வட்டி கூடுதல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு இரண்டு லட்சம் கைப்பணம், ஆறு லட்சம் கடன், 10 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்று கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 1.58 லட்சம் கட்ட வேண்டும். காப்பீட்டையும் பெரிய பழுதுகளையும் சேர்த்தால் 1.78 லட்சம். வாடகை மணிக்கு 1,100 ரூபாய். டீசல், ஓட்டுநர், தேய்மானத்துக்கு 500 போனால் சொந்த வண்டி மணிக்கு 600 ரூபாய் மிச்சப்படுத்தும். தவணை, காப்பீடு, பழுதுச் செலவுக்கே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 300 மணி நேரம் ஓட வேண்டும். பத்து ஏக்கர் மானாவாரிக் காட்டுக்கு இரண்டு கோடை உழவு, விதைப்புக்கு முந்திய உழவு, விதைப்பு எல்லாம் சேர்த்து 40 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. மீதி 260 மணி நேரமும் அடுத்தவர் காட்டில்தான் கிடைக்க வேண்டும். டிராக்டர் முழுமையாகக் கட்டுப்படியாக ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓட வேண்டும் என்பது வேளாண் பொறியியலில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ஒற்றைப் போகக் கரிசலில் உழவை மட்டும் வைத்து அதை எட்டவே முடியாது.

ஆகவே இங்கு டிராக்டர் வாங்குபவர் பெரும்பாலும் வாடகைத் தொழிலிலும் இறங்கியவர். கோடையில் கண்மாய்க் கரம்பை மண்ணைக் காட்டுக்கு அடிப்பது, தண்ணீர் டேங்க் இழுப்பது, விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல விறகும் கரியும் ஏற்றுவது என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். விவசாய உபயோகத்துக்குப் பதிவான வண்டியைக் கட்டுமானச் சரக்குக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும் என்பதைப் பலர் விபத்துக்குப் பிறகே அறிகிறார்கள்.

தவணை மழையைப் பார்ப்பதில்லை. 2016-ல் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை தூத்துக்குடி மாவட்டத்தையே மூழ்கடித்தது. இத்தகைய ஆண்டுகளில் வாடகைக்கு அழைத்தவர் இழப்பது அந்தப் பருவத்துச் செலவை. கடன்காரருக்குப் பாக்கியும் சேர்ந்துவிடும். 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பகுதியில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்து இழுத்துச் சென்ற காணொளி தமிழகத்தை உலுக்கியது. ஜப்தியின் நினைவு கரிசலில் இன்னும் பழையது: இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதை, தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டின் கதவையே கழற்றிக்கொண்டு போவதைச் சொல்கிறது.

கூட்டு உடைமை

சொந்தத்துக்கும் வாடகைக்கும் நடுவே ஒரு வழி உண்டு. இந்த வட்டாரத்துக்கு அதுவே பொருத்தம் என்று சொல்லத் தோன்றுகிறது. 2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்குக் கருவிகள் வாங்க 5 லட்ச ரூபாய் தரப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய மானாவாரி வேளாண்மை இயக்கம் 1,000 ஹெக்டேர் தொகுப்புகளாக நிலத்தைப் பிரித்து, கோடை உழவுக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் மானியம் கொடுத்தது. இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், பட்டியல் இனத்து விவசாயிகளுக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் உச்சவரம்புக்கு உட்பட்ட மானியம் உண்டு.

குழுக்களின் சிக்கல் நிர்வாகத்தில்தான்: பழுது பார்ப்பது யார், முதலில் யார் காடு என்பதில் பல குழுக்கள் தேங்கிவிட்டன. குழுவாக வாங்க விதைப்புக் கருவியே தோதானது. டிராக்டரைவிடப் பன்மடங்கு விலை குறைவு. எந்த வாடகை வண்டியிலும் மாட்டலாம். விதைப்புப் பட்டத்தில் தட்டுப்பாடாவதும் அதுதான். கோடை உழவை வாடகையில் முடித்து, விதைப்புக் கருவியைக் கூட்டாக வைத்துக்கொண்டால் பத்து ஏக்கர்காரர் ஆறு லட்ச ரூபாய்க் கடனில் விழ வேண்டியதில்லை.

அதற்கு மேலும் வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இருக்கும்வரை வண்டியை உங்களால் விற்க முடியாது.