தோட்டப் பள்ளியில் எண்ணும் எழுத்தும்

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றபோது, அம்மரம் பேராக் மாநிலத்தின் மலையடிவாரங்களை மூடி வளரும் என்றோ, அதன் நிழலில் தமிழ்ப் பள்ளிகள் தோன்றும் என்றோ எவரும் எண்ணியிருக்கமாட்டார். இன்று மலேசியாவிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளுள் பிற மாநிலங்களைவிட மிகுதியானவை பேராக்கிலேயே இருக்கின்றன. அவற்றின் தொகை ஏறத்தாழ 130 ஆகும். இப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் கட்டடம், மானியம், மாணவர் தொகை ஆகியவற்றை விரிவாக எழுதுவர். அங்கே பிள்ளை எதை வாசித்தான், எந்தக் கணக்கைப் போட்டான் என்னும் வினாவோ பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. கட்டடம் கண்ணுக்குப் படும். பாடம் படாது என்பது அதற்குக் காரணமாகலாம்.

மலாயாவில் தமிழ் வகுப்பு 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிற்று. ஆனால் பேராக் தோட்டப்புறத்துக்குப் பள்ளியைக் கொண்டு வந்தது கல்வியார்வம் அன்று, தொழிலாளர் சட்டமே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றிப் பாடத்தின் தரத்தைக் கேட்கவில்லை. ஆகவே லயத்தின் ஓர் அறை, கோயில் மண்டபம், ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை ஆகிய எதுவும் பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பல இடங்களில் ஆசிரியரானார். ஒரே அறையில் பல வகுப்புகள் இருக்க, ஒருவரே அனைத்துக்கும் பாடம் சொன்னார்.

அவர்கள் அறிந்திருந்த கற்பித்தல் முறை, ஊரிலிருந்து உடன்கொண்டு வந்த திண்ணைப் பள்ளி முறையே. பிள்ளை மணலில் விரலால் எழுதும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான். இம்முறையை எளிதென இகழ்ந்துவிடலாகாது. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வளர்த்து 1797இல் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்படுவது அம்முறையின் வலிமை. சொன்னதன் பொருள் விளங்கிற்றா என்று எவரும் கேளாமல் விட்டது அதன் குறை.

கணக்கிலும் இந்நிலையே இருந்தது. எண்சுவடியில் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். அதன் மேல் அரை, கால், அரைக்கால், மாகாணி எனக் கீழிறங்கும் பின்னங்கள். மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு; முந்திரியோ முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இவற்றைப் பாட்டாகவே ஒப்பித்த பிள்ளைகளின் மனக்கணக்குத் திறம் வியக்கத்தக்கது. ஆயினும் போருக்கு முன் தோட்டப் பள்ளிகளில் வழங்கிய பாடநூல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்று அவை கற்பித்தன. தந்தை வாங்கிய சம்பளமோ வெள்ளியும் காசும். 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருபத்தாறு நாள் பிரட்டுக்கு நின்றவருக்கு 13 வெள்ளி வரவேண்டும். கடைப்பற்றுப் போக மீதம் எவ்வளவு என்பதே அவ்வீட்டுக்கு வேண்டிய கணக்கு. செக்ரோலில் கிராணி பதிந்த நாள்களைச் சரிபார்க்க ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அக்கல்வியின் பயன் அம்மாதமே வீட்டில் தெரிந்திருக்கும்.

அணாக் கணக்கு முற்றும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஈப்போச் சந்தையில் பதினாறு தாயில் ஒரு கட்டி. ஆங்கிலேயர் தராசில் பதினாறு அவுன்சு ஒரு பவுண்டு. பதினாறாம் வாய்ப்பாட்டை நெட்டுருச் செய்தவன் இரண்டிலும் தடுமாறான். ஆனால் அத்தொடர்பைப் பாடநூல் எடுத்துக்காட்டவில்லை. காணாத நாணயத்தைக் கணக்கிட்ட பிள்ளை, கண்ட நாணயத்தைக் கணக்கிடத் தானே வழி தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

போருக்குப் பின் 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாய், ஆங்கில மொழிகளில் நடக்கும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழர் அதை எதிர்த்தனர். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப் பள்ளியை நாட்டுக் கல்வியமைப்பின் ஓர் உறுப்பாக ஏற்றுப் பொதுப் பாடத்திட்டத்தை வகுத்தது. பிள்ளையின் வாசிப்பிலும் கணக்கிலும் மலாயா இடம்பெற்றது அதன் பின்னரே எனலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலமும் அதுவே. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், கைமாறும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குவதற்காகத்தான்.

1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பின் பத்தின் மடங்கில் அமைந்த அளவைகள் வந்தன. தமிழகத்தில் 1978இல் ஏற்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் இந்நாட்டுப் பாடநூல்களிலும் இடம்பெற்று, ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் தனி வடிவங்களைப் பயிலும் சுமையைக் குறைத்தது. 1983இல் நாடெங்கும் முதலாம் ஆண்டில் தொடங்கிய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், வாசித்தல், எழுதுதல், கணித்தல் ஆகிய மூன்றையே தன் மையமாக வைத்தது. 1988 முதல் யூபிஎஸ்ஆர் தேர்வு கருத்துணர்தலை அளந்தது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது.

2003ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2011இல் தொடங்கிய புதிய கலைத்திட்டத்தோடு முதலாம் ஆண்டுக் கணிதம் மீண்டும் தமிழுக்கு வந்தது. கணக்குக்கு மொழி தடையில்லை, எண் எல்லார்க்கும் ஒன்றே என்று அன்று கூறப்பட்டது. வகுப்பறையில் நின்றவர்க்கு அது பொருந்தாது. "அலியிடம் 18 கோலிகள் உள்ளன. அது முத்துவிடம் உள்ளதைவிட 6 அதிகம். முத்துவிடம் எத்தனை?" என்று கேட்டால், 'அதிகம்' என்னும் சொல்லைக் கண்டவுடனே கூட்டி 24 என்று எழுதும் பிள்ளைகள் பலர். விடை 12. அப்பிள்ளைக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். வாக்கியத்தை வாசிக்கத்தான் தெரியவில்லை. வீட்டுமொழியிலேயே இவ்விடர் உண்டெனில், எழுத்துக் கூட்டக்கூட இன்னும் கற்காத மொழியில் அது எத்தகையதாக இருந்திருக்கும்!

தமிழில் கற்பிப்போரும் தம் மொழியின் இயல்பை மறந்துவிடலாகாது. மலாயில் 90 'செம்பிலான் பூலோ', அதாவது ஒன்பது பத்து; 900 'செம்பிலான் ராத்துஸ்', ஒன்பது நூறு. தமிழிலோ தொண்ணூறு நூற்றின் பெயரையும், தொள்ளாயிரம் ஆயிரத்தின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. தொண்ணூறு எழுதச் சொன்னால் 900 என எழுதும் சிறுவனைக் கவனமற்றவன் என அதட்டுவது தவறு. அவன் காதில் விழுந்ததைத்தான் எழுதினான். இடமதிப்பைக் குச்சிக் கட்டுகளால் காட்டிய பின்னரே அப்பெயர்களைச் சொல்லித் தருவது நலம்.

இன்று பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். பள்ளிகள் சில அவர்களோடு இடம்பெயர்ந்தும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்குகின்றன. பெயராமல் நின்றவற்றில் பிள்ளைகள் குறைந்து, முப்பதுக்குக் கீழே போன இடங்களில் இரண்டு வகுப்புகளை இணைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். 1922இல் மலாய் ஆசிரியர்க்கென எழுந்த தஞ்சோங் மாலிம் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாகித் தமிழ்க் கல்வியிலும் பட்டம் வழங்குகிறது; அத்தகைய பயிற்சி பெற்றவரே இன்று அவ்வகுப்பில் நிற்கிறார். அறையின் ஒருபுறம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ட, ப, ம எழுதிக்கொண்டிருக்க, மறுபுறம் இரண்டாம் ஆண்டினர் ஒரு தாளை நான்காக மடித்துக் கால் பங்குக்கு வண்ணம் தீட்டுகின்றனர்.