இரத்மலானை – பலாலி: ஒரு மணித்தியால வான்வழி

இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். பயண நேரம் சுமார் ஒரு மணித்தியாலம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை அமைத்த பலாலித் தளம், பின்னர் காங்கேசன்துறை விமான நிலையம் என அழைக்கப்பட்டது. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து அதன் வழியாகவே சென்னைக்குப் பறந்தது.

அன்று வசதியாக விளங்கிய அவ்வழி, போர்க் காலத்தில் வேறு வழியற்றோரின் வழியாயிற்று. ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலங்களில் யாழ்ப்பாண மக்களுக்குக் கப்பலும் விமானமுமே எஞ்சின. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்காகக் காத்திருந்த நாள்களையும் சேர்த்தே அந்த ஒரு மணித்தியாலத்தை நான் கணக்கிடுவேன்.

1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயாரின் அன்டனோவ் விமானம், சுமார் பத்து நிமிடங்களில் மறைந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். விடுதலைப் புலிகளே அதனைச் சுட்டு வீழ்த்தினர் எனக் கருதப்படுகிறது. இரணைதீவுக் கடலில் அதன் சிதைவுகள் மீட்கப்பட்டதோ 2012இல். உறவினர் காத்திருந்தது பதினான்கு ஆண்டுகள்.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. இவ்வான்வழியின் வரலாற்றை எழுதுவோர் அந்த 55 பேரையும் மறவாது பதிவுசெய்தல் வேண்டும்.